முதலில் யார் கையில்?



பேனா வாங்கினால்கூடக் கடையிலேயே கிறுக்கிப் பார்ப்போம், இல்லையா? 2007 மே மாதம், தென் அமெரிக்க நாடான உருகுவேயில், வில்லா கார்தால் என்ற சிற்றூர்ப் பள்ளிக் குழந்தைகள் ஒரு மடிக்கணினியையே அப்படிப் பார்த்தார்கள். பெயர் எக்ஸ்ஓ. பச்சையும் வெள்ளையுமாக, முயல் மாதிரி இரண்டு காதுகள். காதுகள்தான் ஆன்டெனா! வெயிலிலும் எழுத்து தெரியும் திரை, தூசி புகாத ரப்பர் விசைப்பலகை. அவர்களிடம் வந்தவை சோதனைக்காகச் செய்தவை. தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது நவம்பரில்தான்.

குழந்தைகளுக்கான பொருளைக் குழந்தைகளிடமே முதலில் கொடுத்தார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசிரியராக இருந்தபோது, 'நான் நடத்துவது புரிகிறதா, பிடிக்கிறதா?' என்று மாணவர்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வாரம் நம் புதிர்ப் பகுதியை மாற்றியிருக்கிறோம். எங்கே இடறுகிறது? தயங்காமல் தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள்.