மூன்று மணி நேரப் படிப்பு செத்துவிட்டதா?

"கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று பேசும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். நாசூக்குத் தெரிந்தவர்கள் அதையே "தகுதி" என்றும் "தரம்" என்றும் மாற்றிச் சொல்கிறார்கள். வார்த்தைதான் மாறியிருக்கிறது, வஞ்சகம் மாறவில்லை.

பஞ்சாலைத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். எட்டு மணி நேரம் ஓடிய பிரேமையும் மூன்று மணி நேரம் ஓடிய பிரேமையும் பக்கத்தில் நிறுத்தி நூலை எடை போடுகிறார்கள். நூல் குறைந்த பிரேமில் நின்றவன் சோம்பேறி என்று மேஸ்திரி தீர்ப்புச் சொல்கிறார். நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதானே முதலில் கேட்பீர்கள்! அந்தக் கேள்வியைத்தான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்கிறோம். நம் பிள்ளைக்கு வாத்தியார் எத்தனை மணி நேரம் கிடைத்தார்?

சட்டம் போட்டுத் திருடிய நேரம்

1953-ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறோம். அன்றைய சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி முதலமைச்சர். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்புப் போதும்; மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று அவர் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் குலக்கல்வி.

எங்கே வந்தது இந்தத் திட்டம்? பட்டணத்திலா? இல்லை! கிராமத்துப் பள்ளிகளில்தான் வந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் நகரத்தில் முழுநேரப் பள்ளி. தோட்டத்தில் பண்ணையத்துக்கு நிற்பவன் பிள்ளைக்கும் செருப்புத் தைப்பவன் பிள்ளைக்கும் அரைநேரப் பள்ளி. அப்பன் தொழில் என்றால் நம் வீட்டில் அது என்ன? மாடு மேய்ப்பது, சாணி அள்ளுவது, வரப்பு வெட்டுவது. இதைக் கற்றுக்கொள்ளவா பள்ளி நேரத்தைக் குறைத்தார்கள்?

நாடு கொதித்தது. பெரியார் கிளர்ச்சி செய்தார். தி.மு.க. எதிர்த்தது. கம்யூனிஸ்டுகள் எதிர்த்தனர். ராஜாஜியின் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவியை விட்டிறங்கினார். அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் குழி தோண்டிப் புதைத்தார். அது மக்கள் கண்ட வெற்றி.

ஆனால் புதைத்தது முழுவதும் மக்கிவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கில் திருடும் நேரம்

2009-இல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை படிப்பை உரிமையாக்கிய சட்டம். ஆனால் அதன் அட்டவணை என்ன சொல்கிறது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர். 90 வரை மூன்று. 120 வரை நான்கு. 120-ஐத் தாண்டினால்தான் ஐந்தாவது ஆசிரியர்.

மலையடிவாரத்திலும் தோட்டத்துச் சாளைகளுக்கு நடுவிலும் இருக்கிற பள்ளியில் 120 பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆகவே ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். நாளுக்கு ஐந்து மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வகுப்பின் பங்குக்கு ஆசிரியர் கிடைப்பது இரண்டே மணி நேரம்! ராஜாஜியாவது மூன்று மணி கொடுத்தார். அன்று சட்டம் போட்டுத் திருடினார்கள். இன்று அட்டவணை போட்டுத் திருடுகிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் அந்த இரண்டு மணியும் ஒரு மணியாகிறது.

"வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்து நடத்துகிறோமே, இதற்கென்று புதிய முறைகள் உண்டே" என்பார்கள் அதிகாரிகள். அந்த முறை அத்தனை உயர்ந்தது என்றால், லட்ச ரூபாய் பீஸ் வாங்கும் நகரத்துப் பள்ளியில் அதை ஏன் நடத்துவதில்லை?

"பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியரைக் குறைத்தோம்" என்று இன்னொரு வாதம். ஆசிரியர் குறைவதால்தானே பிள்ளைகள் குறைகிறார்கள்! நாலு காசு பார்த்த குடும்பம் கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புகிறது. பள்ளியில் தலை குறைகிறது. உடனே ஆசிரியர் குறைகிறார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் போகிறது. கடைசியில் அங்கே மிஞ்சுவது யார்? வேனுக்குப் பணம் கட்ட முடியாத கூலிக்காரன் பிள்ளை. அருந்ததியர் தெருப் பிள்ளை. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவன் பிள்ளை.

மணியடித்த பிறகு

பள்ளி மணி அடித்ததும் கதை முடிவதில்லை. நகரத்தில் வசதியுள்ள பிள்ளைக்கு அப்போதுதான் இரண்டாவது பள்ளி துவங்குகிறது. அதற்கு டியூஷன் என்று பெயர், கோச்சிங் என்று பெயர். நம் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது, வீடு போய்த் தண்ணீர் பிடிக்கிறது, தம்பியைப் பார்த்துக்கொள்கிறது.

2007 முதல் பத்தாண்டுக் காலம் தமிழகத்தில் டாக்டர் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே அளவுகோலாக இருந்தது. 2017-இல் நீட் வந்தது. 2021-இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு ஆராய்ந்து சொன்ன கணக்கைப் பாருங்கள். நீட் வருவதற்கு முந்திய ஆண்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுபடி முயன்று வந்தவர்கள் நூற்றுக்குப் 12 பேர். 2020-21-இல் 71 பேர்! கிராமப்புறப் பிள்ளைகளின் பங்கு முன்பு சராசரி 61 சதவிகிதம். அது 51 சதவிகிதம் அளவுக்கு இறங்கியது.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேலைக்கும் போகாமல் வீட்டில் சோறு தின்றுகொண்டு, கோச்சிங்குக்குப் பணமும் கட்ட முடிந்தவனுக்கே கதவு திறக்கிறது. அறிவை மட்டுமா சோதிக்கிறார்கள்? அப்பன் மடியையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்! நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் இல்லை என்று டில்லி கைவிரித்த செய்தி 2025 ஏப்ரலில் வெளியாயிற்று.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித ஒதுக்கீடு கிடைத்தது. வரவேற்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதனால் டாக்டர் ஆகிறார்கள். ஆனால் வாசலில் ஒரு கை தூக்கிவிடுவது, வழியெல்லாம் வெட்டிய பள்ளத்தை மூடியதாகாது.

யாருக்கு லாபம்?

படிப்பு பாதியில் நின்ற பெண் எங்கே போகிறாள்? நமக்குத் தெரியாதா? திருமணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, கிராமத்துப் பெண்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளுக்குக் கொண்டு வந்து, விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கினார்களே, அந்தச் சுமங்கலித் திட்டத்துக்கு ஆள் கொடுத்தது எது? பாதியில் நின்ற படிப்புத்தான்! அந்தக் குறைந்த கூலியைக் காட்டியே நிரந்தரத் தொழிலாளியின் கூலியையும் அமுக்கினார்கள். கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் இல்லை என்றால் அது விவசாயத் தொழிலாளியின் கஷ்டம் மட்டுமல்ல, பஞ்சாலைத் தோழர்களே! உங்கள் சம்பளக் கவரிலும் அது கை வைக்கிறது.

ஆகவே இதைப் பட்டணத்துக்கும் பட்டிக்காட்டுக்கும் சண்டை என்று யாரும் திரித்துப் பேச இடம் கொடுக்கக் கூடாது. பட்டணத்திலும் இரண்டு பட்டணம் உண்டு. 2020 மார்ச்சு ஊரடங்கில் கோவையின் என்.டி.சி. மில்கள் நின்றன. கூலி நின்ற வீட்டில் பிள்ளையின் பீஸ் எத்தனை நாள் ஓடும்? பிச்சனூர்க் கூலிக்காரன் பிள்ளையும் சிங்காநல்லூர் மில் தொழிலாளி பிள்ளையும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் நிற்பது பணப்பை.

மதுக்கரை மண்ணைப் பாருங்கள். 1930-களிலிருந்து இங்கே சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்டு ஆக்கி ஊர் ஊராக அனுப்பினோம். எத்தனை மாடிப் பள்ளிக்கூடங்களில் நம் வியர்வை இருக்கிறது! 2021-இல் மதுக்கரைக்கு நகராட்சி என்ற பெயரும் வந்தது. பெயர்ப்பலகை மாறினால் வகுப்புக்கு வாத்தியார் வந்துவிடுவாரா?

பணம் இல்லை என்கிறார்கள். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை டில்லி சர்க்கார் நிறுத்தி வைத்தது. டில்லி மறுத்தது என்பதற்காகச் சென்னைச் சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் அக்கம்பக்கத்துப் பொதுப்பள்ளியில் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று 1966-இலேயே கோத்தாரிக் கமிஷன் சொன்னது. 2011-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்ப் புத்தகம் நம் கைக்கு வந்தது. புத்தகம் சமமாயிற்று, வாத்தியார் சமமாகவில்லை.

நாம் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். தலையை எண்ணாதே, வகுப்பை எண்ணு: வகுப்புக்கு ஓர் ஆசிரியர் போடு! தூரத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்துக்கு பஸ் விடு! மாலையில் பள்ளியிலேயே சம்பளம் வாங்கும் ஆசிரியரைக் கொண்டு இலவசப் பாடம் நடத்து! நீட்டை நீக்கு!

கிராம சபை மே முதல் தேதியும் கூடுகிறது. எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்தியவர்களின் நாள் அது. தோழர்களே! அந்த நாளில் சும்மா இருக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்று முன்கூட்டியே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களை அழைத்துக்கொண்டு சபைக்குப் போங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற தீர்மானத்தை எழுத வையுங்கள். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். 1954-இல் மூன்று மணி நேரப் படிப்பை ஜனங்கள்தான் ஒழித்தார்கள். மிச்சத்தையும் ஜனங்களே ஒழிப்பார்கள்!