வளைவில் தவறியது வண்டியா, ஓட்டியவரா?

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் காட்டுப் பாதைகளில் பனி ஊர்திகள் ஓடத் தொடங்கிவிடும். ஸ்னோமொபைல் என்று அங்கே அழைப்பார்கள். அப்படி ஒரு பாதையில் ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் கைப்பிடியை வலப்பக்கம் திருப்புகிறார். முன்னாலுள்ள இரண்டு சறுக்குப் பலகைகளும் வலப்பக்கம் திரும்புகின்றன. ஆனால், வண்டி திரும்பவில்லை. நேராகவே சறுக்கிக்கொண்டு போய், பாதையோரப் பனிமேட்டில் முட்டி நிற்கிறது.

இறங்கியதும் அவர் சொல்கிறார்: "இந்த வண்டி சரியில்லை." பின்னால் வந்த நண்பர் சொல்கிறார்: "வண்டியில் ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை."

இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. பனி ஊர்தி எப்படித் திரும்பும் என்பதை வண்டியின் அமைப்பும் ஓட்டுபவரின் உடலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. சோதித்துப் பார்க்காமல் பழி சுமத்தினால், தேவையில்லாத உதிரிப்பாகத்துக்குப் பணம் போகும். அல்லது நன்றாக ஓட்டக்கூடிய ஒருவர் தமக்குத் திறமையே இல்லை என்று நம்பிவிடுவார். அடுத்த வளைவில் பனிமேட்டுக்குப் பதிலாக ஒரு மரம் நின்றால், இழப்பு அதைவிடப் பெரிது.

பனியே விழாத நாட்டில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கிறீர்களா? மனிதனும் இயந்திரமும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாகனங்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

உடலும் ஒரு பாகம்

இந்த வண்டியின் வரலாற்றில் ஒரு துயரம் உண்டு. கியூபெக்கின் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். சாலைகள் பனியில் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனிமேல் ஓடும் வாகனம் ஒன்றை உருவாக்கும் முயற்சியில் பொம்பார்டியே தளராமல் ஈடுபட்டார். 1937இல் தமது பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் விற்றவை, பலர் உள்ளே அமர்ந்து செல்லும் மூடிய வாகனங்கள். ஒருவரோ இருவரோ ஏறி ஓட்டும் சிறிய ஸ்கீ-டூ வண்டி 1959இல்தான் சந்தைக்கு வந்தது.

இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். மூடிய வாகனத்துக்குள் இருப்பவர் எப்படி உட்கார்ந்தாலும் வண்டிக்குப் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய வண்டியில் ஏறிய அன்றே ஓட்டுபவரின் உடல் வண்டியின் ஒரு பாகமாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதைகளில் ஓடும் பனி ஊர்திகள் பல 200 முதல் 300 கிலோ எடை கொண்டவை. நம் வண்டி 225 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு மனிதர்! அவர் தம் உடலை 30 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால், இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 7.5 சென்டிமீட்டர் நகரும். அதே மனிதர் 1,200 கிலோ எடையுள்ள காருக்குள் அதே தூரம் நகர்ந்தால், ஈர்ப்பு மையம் 2 சென்டிமீட்டர்கூட நகராது.

நிலைத்தன்மையை அடித்தளப் பரப்பளவும் உயரமும் பாதிக்கும் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பனி ஊர்தியின் அடித்தளம் விநோதமானது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளுக்கு இடையே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. பின்னால் ஒரே ஒரு ரப்பர் பட்டை. அதன் அகலம் பெரும்பாலும் 38 சென்டிமீட்டர்தான். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கமாகச் சாய முயலும், உட்பக்கப் பலகை தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஓட்டுபவர் உட்பக்கம் சாய்ந்து, சற்றே முன்னால் நகர்ந்தால், அந்த 7.5 சென்டிமீட்டர் அவருக்குத் துணை நிற்கும். மூட்டையைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தால், அந்தத் துணை கிடைக்காது.

முடுக்கியும் பிரேக்கும்

சறுக்குப் பலகைகள் திசை காட்டுகின்றன. பட்டை தள்ளுகிறது. பிரேக்கும் பட்டையைத்தான் பிடிக்கும்; பலகைகளுக்குப் பிரேக் கிடையாது.

முடுக்கியை அழுத்தினால் எடை பின்பக்கம் சாயும். மோட்டார் சைக்கிளைத் திடீரென முடுக்கினால் முன்சக்கரம் இலேசாவது போலத்தான் இதுவும். முன்னால் எடை குறைந்தால், பலகைகள் பனியைக் கடிக்காது. கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். முடுக்கியை விட்டால் எடை முன்னால் வரும், பலகைகள் மீண்டும் பிடிக்கும். ஆனால், வளைவின் நடுவில் பிரேக்கை ஓங்கி அழுத்தினால் பட்டை சுழலாமல் நின்று, பக்கவாட்டுப் பிடியை இழந்து, வண்டியின் பின்பகுதி வெளியே வீசும்.

ஆகவே, பனிமேட்டில் முட்டிய நம் நண்பர் உதிரிப்பாகக் கடைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே வளைவுக்குத் திரும்பி வர வேண்டும். வளைவுக்கு முன்பே முடுக்கியை விட்டு, உடலை உட்பக்கம் கொண்டுபோய், வளைவின் பாதியைத் தாண்டிய பிறகு மெதுவாக முடுக்கிப் பார்க்க வேண்டும். வண்டி திரும்பிவிட்டால், பழுதுபார்க்கும் செலவு மிச்சம்.

ஆழ்பனியில் பாடம் மாறும்

அப்படியானால் "எப்போதும் உட்பக்கம் சாய், திருப்ப வேண்டிய பக்கம் திருப்பு" என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா? போதாது. மலைப் பகுதிகளில் இடுப்பளவுக்குப் பஞ்சுபோன்ற பனி கிடக்கும். அங்கே பலகைகள் கடிப்பதற்குக் கெட்டியான தரையே இல்லை. வலப்பக்கம் போக விரும்பும் ஓட்டுநர் எழுந்து நின்று, வலப்பக்கக் கால்பலகையில் எடையை வைத்து, கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி, வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துவிடுவார். பட்டையின் ஓரம் பனியை வெட்டிக்கொண்டு வண்டியை வலப்பக்கம் கொண்டுபோகும்.

அதற்கேற்ப மலை வண்டிகளின் அமைப்பும் வேறு. பலகைகளுக்கு இடையிலான தூரம் 90 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அகலம் குறைந்தால் நிலைத்தன்மை குறையும் அல்லவா? எளிதில் சாய வேண்டும் என்பதற்காக, இங்கே அந்தக் குறையைத்தான் வேண்டி வைத்திருக்கிறார்கள். பட்டை நீளமாகவும் அதன் பற்கள் உயரமாகவும் இருக்கும். சில வண்டிகளில் பற்கள் 7.5 சென்டிமீட்டர் உயரம். அதே வண்டியைக் கெட்டிப்பட்ட பாதையில் ஓட்டிவிட்டு, "சரியாகத் திரும்பவில்லை" என்று குறை சொல்வது நியாயமில்லை.

திருகினால் என்ன நடக்கும்?

ஓட்டும் முறையே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. அமைப்பு தவறாக இருந்தால் எந்தத் திறமைசாலியும் திணறுவார்.

சறுக்குப் பலகையின் அடியில் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பதித்திருப்பார்கள். உறைந்த தரையை அதுதான் கீறிப் பிடிக்கிறது. அது தேய்ந்து மழுங்கிவிட்டால், உடலை எவ்வளவு சாய்த்தாலும் பலகை வழுக்கத்தான் செய்யும். புதிதாக, நீளமான கார்பைடு போட்டால் பிடி கூடும். ஆனால், கைப்பிடி கனக்கும். முன்பக்கப் பிடி மட்டும் அளவுக்கு மீறிக் கூடினால், பின்பக்கம் ஈடுகொடுக்க முடியாமல் சுழன்று வெளியேறும். அதனால்தான் பனிக்கட்டிப் பாதைகளில் ஓட்டுபவர்கள் பட்டையிலும் ஆணிகள் பதிக்கிறார்கள்.

பட்டைக்குள் இருக்கும் அதிர்வுத்தாங்கி அமைப்பின் முன்பகுதியில் ஒரு வார் உண்டு. அதை இறுக்கினால் பலகைகள்மேல் எடை கூடும், வண்டி நன்றாகத் திரும்பும். தளர்த்தினால் முடுக்கும்போது எடை பின்னால் போகும், பட்டை நன்றாகத் தள்ளும், ஆனால் திருப்பம் குறையும். முன்பக்கச் சுருள்வில்களை இறுக்கினாலும் பலகைகள் அழுந்தும், கையும் சேர்ந்து வலிக்கும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? எந்தத் திருகலும் இலவசமல்ல. ஓரிடத்தில் பெற்றதற்கு இன்னோரிடத்தில் விலை கொடுக்க வேண்டும். "இதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், "இதனால் எது குறையும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எடை குறைந்தவர் குற்றவாளியா?

எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் சுருள்வில்கள் நடுத்தர எடையுள்ள பெரியவர் ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்படுகின்றன. 45 கிலோ எடையுள்ள ஓர் இளம்பெண் அதில் ஏறினால் என்ன ஆகும்? சுருள்வில்கள் அவருக்கு விறைப்பாக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் வண்டி தூக்கிப்போடும்.

முன்பு போட்ட கணக்கை மீண்டும் போடுவோம். 225 கிலோ வண்டியில் அவர் ஆறில் ஒரு பங்குதான். 30 சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர்தான் நகரும். 90 கிலோ எடையுள்ளவர் அதே அளவு நகர்ந்தால் 8.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரும். இருவரும் ஒரே மாதிரி ஓட்டினாலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. "பயந்தாங்கொள்ளி", "கையில் தெம்பில்லை" என்று அந்தப் பெண்ணைக் கேலி செய்வது எளிது. சுருள்வில்லைத் தளர்த்திக் கொடுப்பது சில நிமிட வேலை. கேலி செய்தால் அவர் வண்டியை விட்டே போய்விடுவார். தளர்த்திக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்.

"திறமையுள்ளவன் எந்த வண்டியையும் ஓட்டுவான்" என்று சிலர் வாதிடுவார்கள். ஓட்டுவான்தான். அந்தத் திறமை வரும்வரை அவன் பத்திரமாக இருக்க வேண்டுமே! பொருந்தாத வண்டியில் கற்றுக்கொள்பவர், வண்டியின் குறையைச் சமாளிக்கும் பழக்கத்தைத்தான் முதலில் கற்கிறார். பிறகு நல்ல வண்டி கிடைத்தாலும் அந்தப் பழக்கம் போவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எவ்வளவு நுட்பமாக அமைத்த வண்டியாலும் அளவுக்கு மீறிய வேகத்தை மன்னிக்க முடியாது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். அதை நிறுத்த இருப்பதோ பனிமேல் வழுக்கும் ஒரே ஒரு பட்டை.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

அப்படியானால் யார்மேல் தவறு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று தேர்வுக்காகப் படித்தீர்களே, அதேதான்.

வளைவு, வேகம், பனியின் தன்மை ஆகியவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேய்ந்த பாகம், தளர்ந்த மரை ஏதும் உண்டா என்று பாருங்கள். அடுத்து, ஓட்டும் முறையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதற்குக் காசு செலவில்லை. அதன் பிறகும் குறை தீரவில்லை என்றால் அமைப்பில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். வாரையும் சுருள்வில்லையும் கார்பைடையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "இப்போது பரவாயில்லை" என்று சொல்பவருக்கு எதனால் பரவாயில்லை என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறை குறை வந்தால் அவர் மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாணவர்களே, 16 வயதானதும் உங்களில் சிலர் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்குப் போவீர்கள். சுமார் 100 கிலோ எடையுள்ள சிறிய மோட்டார் சைக்கிளில் 60 கிலோ எடையுள்ள நீங்கள் ஏறினால், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீங்களே. பனி ஊர்தியில் இருப்பதைவிட உங்கள் பங்கு அங்கே அதிகம். வளைவில் வண்டி தடுமாறினால், நண்பன் சொன்ன புதிய பாகத்தை வாங்க ஓடாதீர்கள்; "எனக்கு ஓட்டவே வராது" என்று சோர்ந்தும் போகாதீர்கள். முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைந்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள்.