அடக்கி வாசிக்கச் சொல்பவர்கள்

சோலோ நடக்கும்போது பேஸ்காரன் அடக்கி வாசிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஒரு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ் என்று மூவர் மட்டும் உள்ள குழு. கிட்டார்காரர் கார்டுகளை விட்டு உச்சத்தில் ஒற்றை ஸ்வரங்களாக ஓடத் தொடங்கியதும் ஒலியின் நடுப்பகுதி காலியாகிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கூடமானால் இன்னொரு கிட்டாரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மேடையில் அது நடக்காது. பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். சோலோ அதற்கு நான்கு ஸ்தாயி மேலே திரிகிறது. நடுவில் யார் இருப்பது?

அடக்கி வாசித்தால் யாரும் இல்லை. சத்தத்தைக் கூட்டினாலும் அடியில் இரைச்சல்தான் மிஞ்சும். ஆதார ஸ்வரத்தோடு ஐந்தாவதையும் சேர்த்து மீட்டலாம். மூன்றாவது வேண்டுமானால் ஒரு ஸ்தாயி தள்ளி மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் குழம்பும். திறந்த தந்தியை ஒலிக்கவிட்டு அதன்மேல் நகரலாம். கொஞ்சம் டிஸ்டார்ஷன் இருந்தால் மேலொலிகள் பிறந்து நடுவை நிரப்பும்.

1968 மார்ச்சில் ஸான் பிரான்ஸிஸ்கோவின் விண்டர்லாண்டில் க்ரீம் குழு வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' பதிவைக் கேளுங்கள். எரிக் கிளாப்டனைப் புகழாதவர் இல்லை. ஆனால் செல்லோ பயின்ற ஜாக் ப்ரூஸ் அடியில் காவல் நிற்கவில்லை. சோலோவுக்கு எதிர்வரி ஒன்றை விடாமல் ஓட்டுகிறார். அவரைக் கழித்துவிட்டால் கிளாப்டன் வெட்டவெளியில் நிற்பார். 1970இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவான தி ஹூ கச்சேரியில் ஜான் என்ட்விஸிலின் வழி வேறு. அவருடைய கூரிய உலோக ஒலி இரண்டாவது கிட்டாரின் வேலையையும் பார்த்துவிடுகிறது.

இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாதா என்பார்கள். ஆகலாம். அடியை அடியோடு மறந்து மேலே போன பேஸ் குழுவையே கவிழ்த்துவிடும். எப்போது கீழே திரும்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் பொறுப்பு. அதை அடக்கம் என்று சொல்லிக் குறுக்காதீர்கள். அடக்கம் பற்றி வங்கியில் மேலதிகாரிகளிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், இங்கேயுமா?

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. நம் கவிதை விமர்சனமும் இதே காதை வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. மேலே மின்னும் படிமங்களை எண்ணிப் பாராட்டுகிறோம். அவற்றைத் தாங்கும் வாக்கியத்தை, அதன் நடையை, அது எங்கே மூச்சு விடுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. தாங்குகிறவனை அடங்கியிருக்கச் சொல்லிவிட்டு, கவிதை ஏன் மெலிந்து ஒலிக்கிறது என்று அங்கலாய்க்கிறோம்.