எழுதியது சேர்ந்ததா?

இங்கிருந்து நாம் வீட்டுக்கு எழுதும் கடிதம், அஞ்சற்பெட்டியில் விழுந்தவுடனே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று யாரேனும் கருதுவார்களா? கருதமாட்டார்கள். ஆனால், கணிப்பொறியில் ஒரு கோப்பை எழுதி மூடிவிட்டால், அது சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டதென்றே பலர் எண்ணுகின்றனர். பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில், இந்த நம்பிக்கையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

லினக்ஸில் ஒரு நிரல் எழுதும் தரவு நேரே வட்டுக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தேங்குகிறது. பிறகே வட்டில் இறங்குகிறது. வழக்கமான அமைப்பில் 30 வினாடி அளவும் தேங்கியிருக்கக்கூடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது, குறை கூறுவதற்கில்லை.

கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே ஒரு கோப்பு முறையை இயக்க உதவுவது ஃபியூஸ். 2005-இல் லினக்ஸில் சேர்ந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறியின் கோப்புகளை நம் மேசைக்குக் கொண்டுவரும் எஸ்.எஸ்.எச்.எஃப்.எஸ். இவ்வகையினதே. ஆய்வுக்கூடத்துச் சர்வரை இதன்வழி இணைத்து, விடுதி அறையிலிருந்தே வேலை செய்யும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. 2014-இல் வந்த லினக்ஸ் 3.15, விரும்பும் ஃபியூஸ் முறைகளுக்கு எழுத்தைக் கெர்னலில் தேக்கிவைக்கும் வசதியைத் தந்தது. கோப்பு முறை நிரலும் தன்னிடம் ஒரு தேக்கம் வைத்திருக்கலாம். ஆக, தேக்கம் இரண்டு.

கோப்பை மூடும்போது, கெர்னல் தன் தேக்கத்தைக் கோப்பு முறை நிரலிடம் ஒப்படைத்து, 'ஃப்ளஷ்' என்ற அழைப்பை விடுக்கிறது. அதற்குக் கிடைக்கும் விடையே மூடியவருக்குப் போய்ச் சேரும். பின்னர் வரும் 'ரிலீஸ்' அழைப்பில் பிழையைச் சொன்னால் கேட்பார் இல்லை. ஆகவே, 'இடமில்லை', 'இணைப்பு அறுந்தது' என்று மூடும் வேளையில் சொல்ல வாய்ப்பு ஃப்ளஷ் ஒன்றே. அங்கே 'சரி' என்று சொல்லிவிட்டு, தரவை ரிலீஸில் அனுப்பிக்கொள்வோம் என்றிருப்பது நேர்மையாகாது என்பது என் துணிபு.

'ஒரே கோப்புக்கு ஃப்ளஷ் பலமுறை வருமே, வேகம் என்னாவது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடையும் எளிது. அனுப்பாத தரவு உண்டா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். இல்லையெனில் உடனே திரும்பட்டும். உண்டெனில் அனுப்பி முடியும்வரை காத்திருக்கட்டும். அந்தத் தாமதம் உண்மைக்குக் கொடுக்கும் விலை.

நிரல் எழுதுவோருக்கும் கடமை உண்டு. மூடும் அழைப்பின் விடையைப் பாராமல் விடும் வழக்கம் ஒழியவேண்டும். மின்சாரம் போனாலும் நிலைக்கவேண்டிய தரவுக்கு ஃப்ளஷ் போதாது, 'எஃப்சிங்க்' கேட்கவேண்டும். கோப்பு முறையும் அதைக் கடைசி வட்டுவரை கொண்டு செலுத்தவேண்டும். அது தோற்றால், மறுமுறை கேட்டு வரும் 'சரி'யை நம்பலாகாது. 2018-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தார் விவாதித்தது இதனையே: முதல்முறை தோற்ற எஃப்சிங்க் மறுமுறை வெற்றி என்று சொல்லக்கூடும், தரவோ போயிருக்கும். அதனால், எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றினர்.

மாதக்கணக்கில் அளந்து சேர்த்த எண்களே ஆய்வு மாணவனின் செல்வம். கருவியை மீண்டும் ஓட்டலாம். கழிந்த பருவத்தை மீண்டும் அளக்க முடியுமா? ஆதலால், தோழர்களே! சேர்ந்த பின்னரே 'சேர்ந்தது' என்று சொல்லும் நிரல்களை எழுதுவோம். அவ்வாறு சொல்லத் தெரியாதவற்றிடம் நம் உழைப்பை ஒப்படைக்காதிருப்போம்.