வாலுக்கும் விளக்கு வேண்டும்

கரும்பு வெட்டும் சீசனில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் விழுப்புரம், கடலூர் பக்கம் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். ரோடு காலி, காற்று ஜிலுஜிலு, மனசில் ஏதோ பாட்டு. திடீரென்று எதிரே ரோடு முடிந்துபோகும்! முடியவில்லை சார். ஒரு டிராக்டர் லோடு கரும்பு, ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது.

டீக்கடையில் ஒரு டிரைவரிடம் கேட்டேன்.

''என்ன அண்ணே, பின்னாடி லைட்டே இல்லியே?''

''அதான் முன்னாடி ரெண்டு எரியுதே தம்பி!''

நியாயம்தான். அவர் பார்க்கவேண்டியது முன்னால்தானே!

பின்னால் வருகிறவன் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் என்றால் செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்கைத் தேடுவதற்கு ஒன்றரை செகண்ட். அதிலேயே 25 மீட்டர் காலி. அப்புறம் நல்ல ரோடு, நல்ல டயர் என்றாலும் நிற்க இன்னொரு 20 மீட்டர். ஆக, 45. டிம் லைட்டில் அத்தனை தூரத்தில் கறுப்பாக ஒரு கரும்புக்கட்டு தெரியுமா? தெரிந்தால் அது கண் இல்லை, குலதெய்வம்.

டிரெய்லருக்கு விளக்குப் போடுவது பிரம்ம வித்தை இல்லை. டெயில் லைட், பிரேக் லைட், இடது, வலது இண்டிகேட்டர்... நாலு ஒயர். ஐந்தாவதாக ஒன்று உண்டு, எர்த். வம்பே அங்கேதான். பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு. போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். பலர் எர்த் ஒயரை மிச்சம் பிடித்து, 'அதான் கொக்கி இரும்பாச்சே' என்று விட்டுவிடுகிறார்கள். கொக்கியிலோ துருவும் கிரீஸும். நேர்வழி அடைபட்ட கரண்ட், பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாகக் கண் சிமிட்டுவது இதனால்தான். பல்பை மாற்றிப் பிரயோஜனமில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு, எர்த்துக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். திரும்பும்போது அறுந்துவிடாத அளவு நீளம், ஆனால் தரையில் உரசாத அளவு. முக்கியமாக, தொங்கும் கரும்புத் தோகை மறைக்காத இடத்தில் விளக்கு.

அடுத்து பிரேக். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல். வயலில் சட்டென்று திருப்புவதற்கான சௌகரியம் அது. ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொண்டி போட்டு ஒன்றாக்கிவிட வேண்டும். மறந்தால், மிதித்த பக்கம் வண்டி இழுக்கும். பின்னாலிருக்கும் டிரெய்லருக்கோ பல சமயம் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் டிராக்டரை அது மாப்பிள்ளைத் தோழன் மாதிரி முதுகில் கை வைத்துத் தள்ளும்.

கொக்கியே கழன்றுவிட்டால்? இதற்கு விடை ரயிலில் கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-ல் செய்த காற்று பிரேக்கில், காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் கோவிந்தா! 1872-ல் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை சக்கரம் ஓடும். அறுந்தால் தானாகப் பிரேக் விழும். யோசனை அவ்வளவுதான். ஆனால் எத்தனை உயிர்!

எலெக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரிலும் இதே தத்துவம். டிரெய்லரிலேயே ஒரு பாட்டரி, ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து இழுக்கும் வண்டிக்கு ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் பிரிந்தால் கம்பி ஸ்விட்ச்சின் பின்னை உருவிவிடும், பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரிந்தபின் 15 நிமிஷமாவது பிடித்தபடி நிற்க வேண்டும் என்கிறது அமெரிக்க லாரி விதி. கம்பியைக் கொக்கியிலேயே மாட்டக்கூடாது, கொக்கி போனால் அதுவும் கூடவே போகும். வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி போட்டால், நுகம் கழன்று விழுந்தாலும் தரையைக் குத்தாமல் தாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் நம்மூர் கரும்பு வண்டிக்கு உடனே வந்துவிடாது. பாதகமில்லை. சின்னதாக ஒன்று செய்யலாம். உங்கள் மாமாவோ சித்தப்பாவோ டிராக்டர் வைத்திருப்பார். வருகிற ஆயுத பூஜைக்கு அவர் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது, நீங்கள் பின்பக்கம் போய் சிவப்பாக மின்னும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அதற்கு ஒயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம்.

'முன்னாடிதான் ரெண்டு எரியுதே' என்று மாமா ஆரம்பித்தால், ஒருநாள் ராத்திரி அவரையே பைக்கில் உட்கார வைத்து அந்த வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போங்கள். மெதுவாக!