நஞ்சுக்கு விலை வைத்தார்கள்!

தோழனே!

நஞ்சை அழிப்போர்க்குப் பொன் தருவோம் என்று பறைசாற்றினால், நாட்டில் நஞ்சு குறையுமா, பெருகுமா? குறையும் என்று நம்பினார்கள் மாநாட்டு மண்டபத்துக் கனவான்கள். 1997-இல் உருவான கியோட்டோ உடன்படிக்கை 2005-இல் செயலுக்கு வந்தபோது, அதனுள்ளே ஒரு வாணிபமும் இருந்தது. ஏழை நாட்டு ஆலையொன்று புவியைச் சூடாக்கும் வாயுவைக் குறைத்தால் அதற்கொரு சான்றிதழ். அதைச் செல்வ நாட்டு நிறுவனம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டு, தன் புகைபோக்கியைத் தொடர்ந்து புகையவிடலாம். பாவம் ஒருவன் செய்ய, பரிகாரத்தைக் கூலிக்கு இன்னொருவன் செய்யும் ஏற்பாடு!

குளிர்சாதனங்களுக்கு வேண்டிய ஆர்-22 என்னும் வாயுவைச் செய்யும்போது, வேண்டாத விருந்தாளியாகப் பிறப்பது எச்.எப்.சி-23. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆயினும் அதில் ஒரு டன், 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கெழுதினார்கள். எரித்து அழிக்கச் செலவோ சொற்பம். சான்றிதழின் விலையோ பன்மடங்கு. பிறகென்ன? 19 ஆலைகள், பெரும்பாலும் சீனத்திலும் இந்தியாவிலும் இருந்தவை, 2012 வாக்கில் அதுவரை வழங்கப்பட்ட சான்றிதழ்களில் ஏறத்தாழப் பாதியை அள்ளிக்கொண்டன. கழிவு கதாநாயகனாயிற்று, சரக்கு துணைப்பாத்திரமாயிற்று!

பயனே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 2006 முதல் 2009 வரை இவ்வாயுவின் வெளியேற்றம் உலகளவில் இறங்கியது, உண்மை. ஆனால், அதே கியோட்டோவின் மற்றொரு கிளைத் திட்டத்தில் சேர்ந்த ருஷ்ய ஆலைகளின் கதையைக் கேள். மிகுதியாகக் கழித்தால் மிகுதியாகச் சான்றிதழ் என்ற நிலை வந்ததும், அங்கே கழிவு வாயு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியதை 2015-இல் வந்த ஆய்வொன்று அம்பலப்படுத்தியது. அழிப்பதற்காகவே ஆக்கினார்கள்!

ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே முதல் இச்சான்றிதழ்களுக்குக் கதவடைத்தது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, உன் கழிவை உன் செலவில் எரி என்று ஆலைகளுக்கு ஆணையிட்டது. பரிசு போய்க் கடமை வந்தது, வரவேற்கிறோம்.

வரவேற்றுவிட்டுக் கேட்கிறோம். சீனமும் இந்தியாவும் தந்த கணக்குப்படி 2017-க்குள் இவ்வாயு பெரும்பாலும் ஒழிந்திருக்க வேண்டும். காற்றையே அளந்த அறிவியலாளர்கள் 2020-இல் வெளியிட்டது என்ன? 2018-இல் வெளியேற்றம் வரலாறு காணாத உச்சம்! ஏட்டில் செத்த வாயு வானத்தில் உலவிக்கொண்டிருந்தது. எந்த நாடு, எந்த ஆலை என்று விரல் நீட்டுவது பிறகு.

டில்லி ஆட்சியாளர்களே, 2016 ஆணை எந்த அளவுக்கு நிறைவேறியது? ஆலை முதலாளி நிரப்பித் தரும் படிவத்தைப் படித்துக் காட்டாதீர்கள். ஆலை வேலிக்கு வெளியே காற்றை அளந்து, அந்த எண்ணை நாடாளுமன்றத்தின் மேசைமேல் வையுங்கள்!