பிழைக்குறியும் பிழையும்



வேப்பனப்பள்ளி ஓர் எல்லையூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கு ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும். ஆனால், இவ்வூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இன்று வந்து சேர்ந்துள்ள பிழையறி கருவி இம்மூன்றில் எதனையும் பேசுவதில்லை. அஃது ஆங்கிலத்தில் ஒரு தொடரைக் காட்டுகிறது. அதனைப் படிக்கத் தெரிந்தவன் வல்லுநன் எனப்படுகிறான். தெரியாதவன், பல்லாண்டு பொறியைப் பிரித்துப் பூட்டியவனாயினும், கைபிசைந்து நிற்கிறான். இந்நிலை தகுமா?

கடந்த ஆடித் திங்களில் என் பழைய மகிழுந்தில் பொறி விளக்கு எரிந்து அணையாது நின்றது. ஓட்டத்தில் குறையேதும் தோன்றவில்லை. நகரத்துப் பெரிய பட்டறையொன்றில் கருவியைப் பொருத்திப் பார்த்து, 'பி 0444' என்னும் குறியைக் காட்டினர். "ஆவி அமைப்புக் கெட்டுவிட்டது. கரிக்கலம், அடைப்பிதழ் இரண்டையும் மாற்றவேண்டும், 14,000 உருபா ஆகும்" என்றனர். "எப்படிக் கண்டீர்கள்?" என்றேன். "கருவி சொல்கிறது" என்பதே விடை. வண்டியைத் திறந்து பார்த்தவர் எவருமிலர்.

ஊர் திரும்பி, சிறு பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணாக்கனிடம் சென்றேன். "என்ன எழுதியிருக்கிறதென்று நீங்கள் சொல்லுங்கள் ஐயா, எங்கே பிழையென்று நான் சொல்லுகிறேன்" என்றான். நானும் பெருமிதத்தோடு, "ஆவியுமிழ்வுக் கட்டுப்பாட்டமைப்பின் வெளியேற்று அடைப்பிதழ்ச் சுற்றுத் திறந்துள்ளது" என்று பெயர்த்துச் சொன்னேன். அவன் சற்றே தயங்கி, "ஐயா, இதற்கு ஆங்கிலமே எளிதாக இருக்கும் போலிருக்கிறதே" என்றான். நாணினேன். சொல்லைப் பெயர்த்தேனேயன்றிப் பொருளைப் பெயர்த்தேனல்லேன்.

அன்றிரவு வண்டியின் கையேட்டையும் வேறு நூல்களையும் புரட்டிக் கற்றதை, மறுநாள் அவனுக்கு எளிய தமிழில் சொன்னேன். பட்டறையில் பெட்ரோல் என வழங்கும் கன்னெய், வெயிலில் தொட்டிக்குள் ஆவியாகும். அவ்வாவி வெளியே கலந்தால், புகைக் காற்றோடும் கதிரொளியோடும் சேர்ந்து நிலமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். அது மூச்சுக்குக் கேடு. ஆகவே, தொட்டியின் ஆவி கரி நிரப்பிய ஒரு கலத்துக்குச் செல்கிறது. கரி அதனைப் பற்றி வைத்துக்கொள்ளும். இதனையே பட்டறையார் 'கேனிசுடர்' என்பர். பொறி ஓடும்போது, வண்டியின் கணிப்பொறி ஓர் அடைப்பிதழை மின்னாற்றலால் திறந்து மூடும். திறக்கையில், பொறியின் உறிஞ்சு விசை கலத்து ஆவியை உள்ளிழுத்து எரித்துவிடும். மின்னாற்றல் இல்லாதபோது அடைப்பிதழ் மூடியே இருத்தல் வேண்டும். 0444 என்பது, அவ்வடைப்பிதழுக்குச் செல்லும் மின்வழி எங்கோ அறுந்துளது என்பதன் அடையாளம். அவ்வளவே. கரிக்கலத்தைப் பற்றி அக்குறி ஒன்றும் சொல்லவில்லை!

கேட்டவுடன் அவன் முகம் மலர்ந்தது. பின்னர் நான் சொல்ல வேண்டுவது எதுவும் இருக்கவில்லை. அடைப்பிதழின் மின்செருகியைக் கழற்றினான். திறவுகோலைத் திருப்பிவிட்டு, ஒரு முனையில் 12 வோல்ட்டு வருகிறதா என்று பார்த்தான், வந்தது. அடைப்பிதழின் சுருளில் மின்தடையை அளந்தான். பல வண்டிகளில் அது 20 முதல் 35 ஓம் வரை இருக்கும்; இதிலும் அவ்வாறே இருந்தது. வாயால் ஊதினான், காற்றுப் போகவில்லை, ஆகவே இதழும் நன்றாகவே மூடுகிறது. எஞ்சியது கணிப்பொறிக்குச் செல்லும் மற்றைக் கம்பி. அதனைத் தொடர்ந்து விரலோட்டிச் சென்றவன் ஓரிடத்தில் நின்று சிரித்தான். எலி கடித்திருந்தது! கம்பியை ஒட்டவைத்து உறையிட்டான், குறியை அழித்தான், விளக்கு மீண்டும் எரியவில்லை. கூலி 300 உருபா.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிழைக்குறி நோயின் பெயரன்று; எங்கே தேடவேண்டும் என்பதற்கான சுட்டு மட்டுமே. 0442 சிறு ஒழுக்கையும் 0455 பெரும் ஒழுக்கையும் குறிக்கும். 0441 ஆவியோட்டம் முறையாக இல்லாமையைக் குறிக்கும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய மகிழுந்துகளில் இக்குறிகள் கட்டாயமாயின. கன்னெய்த் தொட்டியின் மூடி தளர்ந்தாலும் அங்கே ஒழுக்குக் குறி தோன்றும். ஆகவே, "மூடியை இறுக்கு" என்பது அந்நாட்டு அறிவுரை. நம் நாட்டு நெறிமுறைகளோ ஐரோப்பிய முறையைத் தழுவியவை. பெரும்பாலும் அடைப்பிதழின் மின்வழியையே காக்கின்றன. மின்வழி அறுந்திருக்க, மூடியை இறுக்கி யாது பயன்? கரிக்கலத்தை மாற்றித்தான் யாது பயன்? அறுந்த கம்பி அறுந்தபடியே கிடக்க, 14,000 உருபா மட்டும் போயிருக்கும்.

2020 ஏப்பிரல் முதல் நாள்தொட்டுப் பாரத் ஆறாம் நிலை நெறிமுறை நடப்பிலுள்ளது. இன்று இருசக்கர வண்டிகளிலும் கரிக்கலம் வந்துவிட்டது; ஓசூரில் உருவாகும் வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. உலகுக்கு வண்டி செய்துதரும் கைகள் இம்மண்ணின் கைகள். அவ்வண்டி பழுதுறின், அதன் மொழி மட்டும் இம்மக்களுக்கு அயலாக இருப்பதோ?

ஆங்கிலம் கற்றால் தீருமே என்பர் சிலர். கற்கட்டும், தடையில்லை. ஆனால் அப்பெரிய பட்டறையில் ஆங்கிலம் இருந்தது, ஆய்வுதான் இல்லை. குறியின் எண் உலகப் பொது; அதனை மாற்ற வேண்டா. எண்ணுக்குரிய விளக்கமும், உறுப்பின் வேலையும், ஆய்வின் படிகளும் தமிழில் இருந்தால் போதும்.

நம்மீதும் குற்றமுண்டு. கலைச்சொல் ஆக்கியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். பட்டறையில் ஒருவன் வாயில் வழங்காத சொல், அகரமுதலியில் உறங்கும் சொல்லே. தமிழாசிரியர்கள் தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று அமர்தல் வேண்டும். அங்குள்ளோரிடம் பொறியைக் கற்று, அவர்களோடு இருந்தே சொல்லை ஆக்குதல் வேண்டும். பத்துக் குறிகளுக்கு ஒருபக்க விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் அது பெருந்தொண்டாகும். நான் தொடங்கிவிட்டேன். என் மாணாக்கனின் பட்டறைச் சுவரில் முதல் தாள் ஒட்டப்பெற்றுள்ளது. அதில் இரண்டு சொற்களை அவன் அடித்துத் திருத்தியுள்ளான். திருத்தம் சரியே.